சிவப்பு ஸ்டிக்கர், பச்சை ஸ்டிக்கர்

மூன்று வருடத்துக்கு முன்னால் ஜூலை மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. பெங்களூரில் அடுகோடியிலிருந்து டெய்ரி சர்க்கிள் போகும் வழியில், நகர முடியாமல் நின்ற ஓர் ஆட்டோவுக்குள் நடந்தது இது. அங்கே நான் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால், எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு வியாதி. ஏப்ரலில் என் கணவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. லேத் பட்டறையில் வேலை. மூன்று, நான்கு மாதம் பட்டறைப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்களோடு இருக்கும் மாமனாருக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை, கூடவே ரத்தக்கொதிப்பு. எட்டாவது படித்துக்கொண்டிருந்த மகளுக்கு வீசிங். பெங்களூரில் ஜூன் பிறந்து தூறல் ஆரம்பித்தால் போதும், அவள் நெஞ்சில் விசில் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். எனக்கே தைராய்டு உண்டு. ஆனால் அதை நான் வியாதியில் சேர்ப்பதில்லை. மற்றவர்கள் முறை முடியட்டும், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

நான் ஓர் எக்ஸ்போர்ட் கார்மென்ட்ஸ் கம்பெனியில் க்வாலிட்டி சூப்பர்வைசர். மற்றவர்களின் தப்பைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். சட்டைத் துணி ஒரே நீலமாகத் தெரிந்தாலும் ரோலுக்கு ரோல் நிறம் கொஞ்சம் மாறும். ஒரு ரோலில் வெட்டிய கை, இன்னொரு ரோலில் வெட்டிய உடம்போடு சேர்ந்துவிட்டால் அந்தச் சட்டை வீண். அதனால் வெட்டியதுமே ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டிவிட வேண்டும். ஸ்டிக்கர் இல்லாத துண்டுகளை மேஜைமேல் வைத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து போகக்கூடாது. இது எங்கள் லைனில் சட்டம். இதை மீறியதற்காக இரண்டு பெண்களை எல்லோர் முன்னாலும் திட்டி, வேறு லைனுக்கு மாற்றியவள் நான்.

கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் இதே முறையை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். சட்டையோடு உபரி பட்டன் போட்டுக் கொடுக்கும் சின்ன ஜிப் கவர்கள் எங்கள் கம்பெனியில் நிறைய உண்டு. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, எல்லா மாத்திரைகளையும் அட்டையிலிருந்து உரித்து, ஒரு வேளைக்கு ஒரு கவர் என்று மாதம் முழுவதற்கும் போட்டு வைத்துவிடுவேன். கணவருக்குச் சிவப்பு ஸ்டிக்கர், மாமனாருக்குப் பச்சை, மகளுக்கு மஞ்சள். உரித்த அட்டைகள் குப்பைக்குப் போய்விடும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சார்ட்டும் ஒட்டியிருந்தேன். வந்து பார்த்த சொந்தக்காரர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். எனக்கும் அதில் பெருமை கொஞ்சநஞ்சமில்லை. எனக்கென்று ஒரு கவர் போட்டுக்கொள்ளத் தோன்றவே இல்லை என்பதை இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

அந்த ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கூடத்துத் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தேன். கணவருக்கும் மாமனாருக்கும் காலையில் மும்மூன்று மாத்திரைகள். இரண்டு வரிசையாகக் கவர்களைப் போட்டு முடித்து, ஸ்டிக்கர் ஷீட்டைக் கையில் எடுக்கும்போது உள்ளே மகள் இரைக்க ஆரம்பித்தாள். ஓடினேன். நெபுலைசர் வைத்து, முதுகைத் தடவிக்கொடுத்து, அவள் மூச்சு சீரானதும் திரும்பி வந்து உட்கார்ந்து ஸ்டிக்கர்களை ஒட்டினேன். போகும்போது பாயின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன், வந்து இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் நடந்தது. சிவப்பு ஒட்ட வேண்டிய வரிசையில் பச்சையும், பச்சைக்கு உரியதில் சிவப்பும் ஒட்டிவிட்டேன். அது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமையிலிருந்தே கணவர் ஒரு மாதிரி இருந்தார். பதினோரு மணி ஆனால் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, கொலைப்பசி பசிக்கிறது என்றார். மூன்று மாதமாக வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அப்படித்தான் இருக்கும், மாடிப்படி நாலு தடவை ஏறி இறங்குங்கள் என்றேன். புதன்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், அவர் தலையணைக்கு அடியில் பாதி தின்ற க்ரீம் பிஸ்கட் பாக்கெட். வந்ததே எனக்குக் கோபம். நெஞ்சில் கம்பியை வைத்துக்கொண்டு இதையெல்லாம் திருட்டுத்தனமாகத் தின்கிறீர்களே, உங்களுக்காக நான் எதற்கு ராப்பகலாக அலைகிறேன் என்று கத்திவிட்டுப் பாக்கெட்டைக் குப்பையில் போட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு டிவியைப் பார்த்தார். அந்த மூன்று நாளும் அவர் உயிரைப் பிடித்து வைத்திருந்தது அந்த பிஸ்கட்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை. மகளை ஜெயநகரில் நுரையீரல் டாக்டரிடம் காட்ட அப்பாயின்ட்மென்ட் இருந்தது. லீவு போட்டிருந்தேன். வீட்டிலேயே அடைந்து கிடக்கிறாரே என்று கணவரையும் கூட்டிக்கொண்டேன். காலையில் சிவப்பு ஸ்டிக்கர் கவரைப் பிரித்து அவர் கையில் கொட்டினேன். நான் கொடுத்தால் பார்க்காமல் விழுங்குவார், அதுவும் பழகிவிட்டது. அவசரத்தில் அரை டம்ளர் ராகிக் கஞ்சி குடித்தார். இட்லி வைக்கிறேன் என்றதற்கு வேண்டாம் என்றார். முந்தின நாள் நான் போட்ட சத்தம் அவர் முகத்தில் இன்னும் இருந்தது. பதினோரு மணி வாக்கில் தெருமுனையில் ஆட்டோ பிடித்துக் கிளம்பினோம்.

டெய்ரி சர்க்கிள் பக்கம் போக்குவரத்து அப்படியே நின்றுவிட்டது. தூறல், குளிர்காற்று. அந்தக் குளிரில் கணவர் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. திடீரென்று என்னைப் பார்த்து, கண்ணாடியை இறக்கு என்றார். ஆட்டோவில் இறக்குவதற்கு ஏது ஜன்னல் கண்ணாடி? விளையாடுகிறார் என்று நினைத்தேன். மறுபடியும், கோபமாக, நாக்குக் குழற, கண்ணாடியை இறக்கச் சொன்னார். கண் என்னைப் பார்க்கவில்லை. கையைப் பிடித்தேன், ஐஸ் மாதிரி இருந்தது. போச்சு, ஹார்ட் அட்டாக் மறுபடியும் வந்துவிட்டது என்றே நினைத்தேன். ஏதாவது ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு விடுங்கள் என்று டிரைவரிடம் கத்தினேன்.

டிரைவர் ஐம்பது வயதுக்காரர், கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிறவர். தன் முன்னால் இருந்த சின்ன பின்பார்வைக் கண்ணாடியில் என் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சர்க்கரை உண்டா என்று கேட்டார். இல்லை, ஹார்ட் பேஷன்ட், சீக்கிரம் போங்கள் என்றேன். அவர் பக்கத்து ஆட்டோக்காரரிடம் ஏதோ சொல்லி வழி வாங்கி, வண்டியை ஒடித்துத் திருப்பினார். திருப்பிக்கொண்டே, ஹேண்டில் பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒரு சின்ன மாம்பழ ஜூஸ் டப்பாவை எடுத்துப் பின்னால் நீட்டினார்.

“எனக்கு சுகர் மா. லோ ஆனா இப்படித்தான் ஆகும். இவருக்கு இல்லன்னாலும் பரவால்ல, ஒரு ஜூஸ் குடிச்சா ஏனூ ஆகல்ல. குடுங்க.”

ஏனூ ஆகல்ல, ஒன்றும் ஆகாது. எவ்வளவு எளிமையான நியாயம். எனக்கு அது ஏறவில்லை. டயட் சார்ட்டில் ஜூஸ் கூடாது என்று போட்டிருந்ததுதான் அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது. உங்களுக்கு என்ன தெரியும், நீங்கள் வண்டியை மட்டும் ஓட்டுங்கள் என்று எரிந்து விழுந்தேன். அவர் கையை மடக்கவில்லை. ஒரு கையால் ஓட்டிக்கொண்டே இன்னொரு கையைப் பின்னால் நீட்டியபடியே இருந்தார்.

மகள் அதை வாங்கிவிட்டாள். நான் அவள் கையைத் தட்டினேன். டப்பா அவள் மடியில் விழுந்தது. என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் எடுத்து, ஸ்ட்ராவைக் குத்தி, அவள் அப்பாவின் வாயில் வைத்தாள். என் பேச்சை அவள் மீறியது அதுதான் முதல் தடவை. அவளுக்கே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. “அப்பா, எனக்காகக் குடிப்பா” என்றாள். அவர் குடித்தார். டப்பா நெளிந்து சுருங்கும்வரை உறிஞ்சினார். நான் இன்னொரு தடவை தட்டவில்லை. ஏன் என்று கேட்டால், அப்போது எனக்கு அழுகை வந்துவிட்டது, கை வரவில்லை, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது கணவர், எங்கே வந்திருக்கிறோம் என்று கேட்டார். பேச்சில் குழறல் கொஞ்சம் குறைந்திருந்தது. எமர்ஜென்சியில் நர்ஸ் ஒருத்தி விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். ஐம்பத்தி இரண்டு. எழுபதுக்குக் கீழே போகக்கூடாதாம், ஜூஸ் குடித்த பிறகும் ஐம்பத்தி இரண்டு. இசிஜி எடுத்தார்கள், இதயத்தில் புதிதாக எந்தக் கோளாறும் இல்லை. ட்யூட்டி டாக்டர் இளம் பெண். இவருக்குச் சர்க்கரை மாத்திரை ஏதாவது கொடுக்கிறீர்களா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன். காலையில் என்ன கொடுத்தீர்கள் என்றார். இதற்குத்தானே காத்திருந்தேன். கைப்பையிலிருந்து மத்தியான வேளைக்கு எடுத்து வந்திருந்த ஜிப் கவரை எடுத்து நீட்டினேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயர் இல்லையே, அட்டை எங்கே என்றார். இவருக்குச் சிவப்பு ஸ்டிக்கர் டாக்டர் என்றேன். சொல்லும்போதே அந்தப் பதில் எவ்வளவு அபத்தம் என்று எனக்கு உறைத்தது. உள்ளே இருந்தது வெள்ளையாக ஒரு மாத்திரை. அது என்னவென்று அங்கே இருந்த யாராலும் சொல்ல முடியவில்லை, அதைப் போட்டு வைத்த என்னாலும்.

வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். மாமனாருக்கு என்றேன். உடனே போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார். மாமா எடுத்தார். காலையில் என்ன மாத்திரை போட்டீர்கள், பார்க்க எப்படி இருந்தது என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“நாலு நாளாவே மாத்திரை வேறதாம்மா இருக்கு. எனக்கு ஒண்ணு பச்சையா இருக்கும். இப்ப மூணும் வெள்ளையா இருக்கு. நீ குடுத்ததுன்னு போட்டுக்கிட்டேன்.”

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். மாமாவிடம் அவருடைய பழைய சீட்டைப் படிக்கச் சொல்லி, மாத்திரையின் பெயரைக் குறித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, இந்த மாத்திரையின் வேலை ஒரு முழு நாளுக்கு இருக்கும், இப்போது தெளிந்துவிட்டார் என்று வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தால் தூக்கத்திலேயே மறுபடி சர்க்கரை இறங்கியிருக்கும் என்றார். குரலை உயர்த்தாமல், பால் விலை சொல்வதுபோல் சொன்னார். குளுக்கோஸ் ஏற்றி அட்மிட் செய்தார்கள். மாமனாரையும் உடனே வரச் சொன்னார். நாலு நாளாக அவர் மகனுடைய மாத்திரைகளையல்லவா விழுங்கிக்கொண்டிருந்தார்.

மகள் ஞாபகம் வந்து வெளியே ஓடினேன். பெஞ்சில் இன்ஹேலர் பம்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்த ஆட்டோ டிரைவர். அவள் இரைப்பதைப் பார்த்துத் தனியாக விட்டுப் போக மனசில்லாமல் இருந்திருக்கிறார். பம்ப்பை எடுத்து அடித்துக்கொள் என்று சொன்னதும் அவர்தானாம். என்னைப் பார்த்ததும் எழுந்து, சுகர்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, மகளிடம் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். நான் நன்றி சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், அதுவும் கேட்கவில்லை. வண்டி நம்பரைக்கூடப் பார்க்கத் தோன்றவில்லை. இப்போதும் அந்த வழியில் ஆட்டோ ஏறினால் டிரைவர் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

மாமனாரைப் பக்கத்து வீட்டுக்காரர் கூட்டிவந்தார். சர்க்கரை முந்நூறுக்கு மேல் இருந்தது. ரத்த அழுத்தம் குறைந்து, நடந்தால் தள்ளாடினார். நல்லவேளையாக வேறு ஆபத்து எதுவும் இல்லை, மருந்தைச் சரிசெய்து, சாயங்காலம்வரை பார்த்துவிட்டு அனுப்புகிறோம் என்றார்கள். மகன் படுத்திருந்த வார்டுக்கு வெளியே அவரை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்தேன். எனக்கு ஆறவில்லை. வேறு மாத்திரை என்று நாலு நாளாகத் தெரிந்தும் ஏன் மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். குரலில் அப்போதும் அதட்டல்தான் இருந்தது. அவர் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார். கோபமாகச் சொல்லவில்லை.

“போன மாசம் ஒரு தடவ கேட்டேன்மா. இது எனக்குத்தானான்னு. நான் பாக்காமலா போடுவேன், குடுத்தத போட்டுக்கங்கன்னு சொன்ன. பாப்பா எதிர்ல சொன்ன. அதுக்கப்புறம் எதுக்குக் கேக்கணும்னு இருந்துட்டேன்.”

எனக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. அதுதான் என்னை அடித்தது. ஒருவேளை அடுப்பில் ஏதோ வைத்திருந்திருப்பேன், கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும், ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் சொல்லிவிட்டு மறந்தேன், அவர் மறக்கவில்லை. எழுபத்துமூன்று வயது மனிதர், தப்பான மாத்திரை என்று சந்தேகம் இருந்தும், என்னிடம் பேச்சு வாங்குவதைவிட அதை விழுங்குவது மேல் என்று நாலு நாள் விழுங்கியிருக்கிறார். உள்ளே படுத்திருந்தவரும் அதே மாதிரிதானே. நடுங்குகிறது என்று சொல்லிப் பார்த்தார், நான் மாடிப்படி ஏறச் சொன்னேன், அவர் தலையணைக்கு அடியில் பிஸ்கட்டை ஒளித்துக்கொண்டார். ஸ்டிக்கர் மாறியது ஒரு நாள் தப்பு. இது நான் மாதக்கணக்காகச் செய்து வைத்திருந்த தப்பு. அந்த பெஞ்சிலேயே, போகிறவர் வருகிறவர் பார்க்க அழுதேன். மாமா டீயைக் கீழே வைத்துவிட்டு, “வுடும்மா, வுடும்மா” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் கணவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டரிடம், க்ரீம் பிஸ்கட் சாப்பிடலாமா என்று என் எதிரிலேயே கேட்டார். மகள் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. கூடாது என்றுதான் டாக்டர் சொன்னார். எனக்கு என்னவோ இரண்டு வாங்கிக் கொடுக்க வேண்டும்போல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மீதி இருந்த கவர்களை எல்லாம் எடுத்துத் தூரப் போட்டேன். மருந்துக் கடையில் புதிதாக வாங்கி, அட்டையை உரிக்காமல், ஒவ்வொருவர் டப்பாவிலும் சீட்டோடு சேர்த்து வைத்தேன். எனக்கும் ஒரு டப்பா போட்டுக்கொண்டேன். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன் மாமா அவருடைய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார். கேளுங்க மாமா என்றேன். கேட்டார். பதில் சொன்னேன். மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன்.

மூன்று வருடமாக அவர் தினமும் கேட்கிறார். சில நாள் ஒரே மாத்திரைக்கு மூன்று தடவை. கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போதும் கேட்கிறார். நான் திடீரென்று தங்கமான பெண்ணாக மாறிவிடவில்லை, உள்ளுக்குள் சுள்ளென்று ஏறத்தான் செய்கிறது. அப்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து பதில் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். ஏனென்றால் யாராவது ஏதாவது கேட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும் எனக்கு நிம்மதி. என் வீட்டில் ஒருவர் நான் கொடுத்ததை ஒன்றும் கேட்காமல் வாயில் போட்டுக்கொண்டால், அந்த அமைதியைப் பார்த்துத்தான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.